திடலை இழக்கும் முன்: கோலாலம்பூரில் பசுமை நிலம் காக்க முன்வருவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு திடலில் நில அளவையாளர்கள் முக்காலியை நட்டு நிற்கும் காலையில், அந்த நிலத்தைப் பற்றிய முடிவு பெரும்பாலும் எப்போதோ ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். குடியிருப்பாளர்கள் அதை அன்றுதான் அறிகிறார்கள். பதாகை, மறியல், முகநூல் நேரலை எல்லாம் அதற்குப் பிறகு தொடங்குகின்றன. பசுமை நிலம் காப்பது முதலில் காகித வேலை. அந்த வேலையை எந்த வரிசையில், எந்த அலுவலகத்தில், எந்தச் சொற்களில் செய்வது என்பதையே இங்கே எழுதியிருக்கிறோம். முதன்மையாகக் கோலாலம்பூருக்காக எழுதப்பட்டது. சிலாங்கூரிலும் பினாங்கிலும் நடைமுறை எங்கே மாறுகிறது என்பதைப் பிற்பகுதியில் சொல்கிறோம்.

முடிவெடுப்பவர் யார்?

கோலாலம்பூரில் சட்டமன்ற உறுப்பினர் இல்லை, நகராண்மைக் கழக உறுப்பினரும் இல்லை. நிலத் திட்டமிடல் அதிகாரம் மாநகர் மன்றத் தலைவரான டத்தோ பண்டாரிடம் இருக்கிறது. அவர் நியமிக்கப்படுபவர், வாக்கு வாங்கி வருபவரல்லர். மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவது 11 நாடாளுமன்ற உறுப்பினர்களை மட்டுமே. ஆகவே "எங்கள் கவுன்சிலரைப் பார்த்தோம்" என்று பெட்டாலிங் ஜெயாவில் சொல்வதுபோல் செந்தூலிலோ பிரிக்பீல்ட்சிலோ சொல்ல முடியாது. இங்கே கதவுகள் மூன்று: மாநகர் மன்றத்தின் திட்டமிடல் துறை, கூட்டரசுப் பிரதேச நில அலுவலகம், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம். மூன்றையும் ஒரே நேரத்தில் தட்டுங்கள். ஒன்றை மட்டும் தட்டிவிட்டுக் காத்திருக்கும் குழுக்களுக்குக் காலக்கெடு கடந்துவிடுகிறது.

இங்கு செல்லுபடியாகும் சட்டம் 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 267. கட்டுமானம் தொடங்குவதற்கு அதன்கீழ் ஒரு மேம்பாட்டு உத்தரவு வேண்டும். அலுவலகத்தில் இதை 'பெரிந்தா பெம்பாங்குனான்' என்பார்கள். இந்த உத்தரவு வரும் முன்பு நீங்கள் எழுதும் ஒரு பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு, வந்த பிறகு எழுதும் 50 பக்கத்துக்கும் இருக்காது.

முதல் வேலை: நிலம் எந்த வகை என்று கண்டுபிடிப்பது

பிள்ளைகள் 30 ஆண்டுகளாகப் பந்து விளையாடிய இடம் என்பதால் அது பொதுத்திடல் ஆகிவிடாது. புல் வெட்ட மாநகர் மன்றத்தின் ஆள் வருகிறார் என்பதும் சான்று ஆகாது. இந்த இரண்டையும் நம்பியே பல குழுக்கள் ஏமாறுகின்றன.

லாட் எண்ணை, அதாவது நிலத் துண்டின் எண்ணை, முதலில் பிடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நிலப் பட்டாவில் இருக்கும் வரைபடத்தில் ஒட்டியிருக்கும் லாட்டின் எண் பெரும்பாலும் தெரியும். மாநகர் மன்றத் திட்ட வரைபடத்திலும் எண்கள் உண்டு. லாட் எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) அல்லது பண்டார் (நகர்) பெயர் இரண்டும் சேர்ந்தால்தான் பயன்படும், ஏனென்றால் ஒரே எண் வேறு முக்கிமிலும் இருக்கும். பிறகு நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி 'சாரியான்' எனப்படும் பட்டாத் தேடலைச் செய்யுங்கள். இதைச் செய்ய நீங்கள் நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை.

கையில் வரும் தாள் கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் போராடும் வழி வேறு.

அரசிதழில் ஒதுக்கப்பட்ட நிலம் என்றால் உங்கள் நிலை வலுவானது. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்கீழ் அரசு நிலத்தை ஒரு பொது நோக்கத்துக்கு ஒதுக்கலாம். அந்த அரசிதழ் அறிவிப்பில் நிலத்தின் விவரமும் நோக்கமும் கட்டுப்படுத்தும் அதிகாரி யார் என்பதும் இருக்கும். அதை ரத்து செய்ய 64ஆம் பிரிவு ஒரு நடைமுறையை வைத்திருக்கிறது: ரத்து செய்யும் உத்தேசத்தை அரசிதழில் வெளியிட்டு, விசாரணை நடக்கும் நாளையும் இடத்தையும் அறிவித்து, விசாரணை நடத்திய பிறகே ரத்து செய்ய முடியும். நோக்கத்தின் சொற்களை வரிக்கு வரி படியுங்கள். 'பொதுப் பூங்கா' என்று எழுதியிருந்தால் ஒரு பலம். 'நீர்த்தொட்டி', 'பள்ளி', 'மின் கம்பித் தடம்' என்று எழுதியிருந்தால் அது பசுமையாகத் தெரிந்தாலும் பூங்காவாகச் சட்டம் பார்க்காது.

ஒதுக்கப்படாத அரசு நிலம் மிகவும் ஆபத்தான வகை. பழைய தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) இதுதான் அதிகம் தட்டுப்படும். மேம்பாட்டாளர் திடலுக்கென்று நிலத்தை விட்டுக் கொடுத்திருப்பார், ஆனால் அதை அரசிதழில் ஏற்றும் கடைசி வேலையை யாரும் செய்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்க மேலே சொன்ன விசாரணை தேவையில்லை. சண்டை எதுவும் வராத அமைதியான காலத்திலேயே "இதை அரசிதழில் ஏற்றுங்கள்" என்று மனு கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னும் மேம்பாட்டாளர் பெயரிலேயே இருக்கும் நிலமும் உண்டு. விட்டுக் கொடுக்க வேண்டிய நிபந்தனை நிறைவேறாமலே நிறுவனம் கைமாறியிருக்கும். அப்போது தாமான் கட்டிய காலத்து வரைபட ஒப்புதலைத் தேட வேண்டும். அதில் 'தானா லாப்பாங்' (திறந்தவெளி) என்று பச்சை அடித்திருந்தால் அதுவே உங்கள் முதல் ஆவணம்.

தற்காலிகக் குடியிருப்பு உரிமம் கொடுக்கப்பட்ட நிலம் கடைசி வகை. கார் நிறுத்துமிடம், செடி விற்கும் கடை, உணவுக் கடை போன்றவை இப்படித்தான் திடலின் ஓரத்தில் நுழையும். இந்த உரிமம் ஆண்டு முடிவோடு காலாவதியாகும், பிறகு புதுப்பிக்கப்படும். எனவே புதுப்பிக்க வேண்டாம் என்ற உங்கள் கடிதம் அக்டோபரிலேயே போய்ச் சேரட்டும்.

தேடல் தாள் பட்டாவின் அன்றைய நிலையை மட்டுமே காட்டும். ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அதே லாட்டை மறுபடியும் தேடி இரண்டு தாள்களையும் ஒப்பிடுங்கள். உரிமையாளர் பெயர் மாறியிருந்தால், மேம்பாட்டு விண்ணப்பம் பற்றிய அறிவிப்புப் பலகை நிலத்தில் வருவதற்கு வெகு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

திட்ட வரைபடத்தைப் படிப்பது

கோலாலம்பூர் அமைப்புத் திட்டம் 2040 கொள்கையைச் சொல்கிறது. கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040 ஒவ்வொரு லாட்டுக்கும் என்ன பயன்பாடு, எவ்வளவு அடர்த்தி என்பதை வரைபடத்தில் காட்டுகிறது. உள்ளூர்த் திட்டம் 2025ல் அரசிதழில் வெளியானது. உங்கள் நிலத்தின் நிறத்தைப் பாருங்கள். பச்சையிலும் வகை உண்டு: பொதுத் திறந்தவெளி வேறு, தனியார் திறந்தவெளி வேறு. கோல்ஃப் மைதானங்கள் பெரும்பாலும் பின்னதில்தான் இருக்கும்.

முந்தைய திட்டத்தின் வரைபடத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழையதில் பச்சையாக இருந்த லாட் புதியதில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறியிருந்தால், அந்த இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டிய ஒரு பக்கம் எந்தச் சொற்பொழிவையும்விட வேகமாகப் புரியும்.

இந்தத் திட்டங்களுக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதைத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருக்கும் தாமான் ரிம்பா கியாரா வழக்கு காட்டியது. ஏறக்குறைய 25 ஏக்கர் பூங்காவில் 12 ஏக்கரில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட 2017ல் மேம்பாட்டு உத்தரவு தரப்பட்டது. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 18ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அமைப்புத் திட்டத்தில் பொதுப் பூங்கா என்று குறித்த இடத்தில் அதிலிருந்து விலகுவதென்றால் காரணம் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் ஆட்சேபக் கடிதத்தில் இந்த வழக்கைப் பெயரோடு குறிப்பிடுங்கள். படிக்கும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்வார்.

நிலத்தில் இறங்கிப் பதிவு செய்வது

"இங்கே நிறைய மரம் இருக்கு, குரங்கு இருக்கு" என்று எழுதுவதால் பயனில்லை. எண்ணிக்கை வேண்டும், தேதி வேண்டும், இடம் வேண்டும்.

மரங்களுக்கு: தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தையல் நாடாவால் சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் வரும். 157 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் 50 சென்டிமீட்டர் விட்டம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண், சுற்றளவு, தெரிந்த பெயர், கைப்பேசி காட்டும் இட ஆயங்கள், முழு மரமும் தெரியும் ஒரு படம், இலையும் பட்டையும் தெரியும் ஒரு படம். பெயர் தெரியவில்லை என்றால் ஊகித்து எழுதாதீர்கள், 'அடையாளம் காணப்படவில்லை' என்று விடுங்கள். அங்சானாவைத் தூங்குமூஞ்சி என்று ஒரு இடத்தில் எழுதிவிட்டால் எதிர்த்தரப்பு நிபுணர் முழுப் பட்டியலையும் அதைக் காட்டியே ஒதுக்குவார். இருவர் சேர்ந்தால் ஒரு காலையில் 60 மரம் வரை பார்க்கலாம். காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எண்ணிக்கையில் ஒரு சூழ்ச்சி உண்டு. "வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று கன்று நடுவோம்" என்பார்கள். 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்தின் நிழலை மூன்று கன்றுகள் தர எத்தனை ஆண்டு ஆகும் என்று கேளுங்கள். உங்கள் பட்டியலில் விட்டம் இருந்தால்தான் இந்தக் கேள்வி நிற்கும்.

சரிவுக்கு: மேட்டு நிலம் என்றால் உயரக்கோட்டு வரைபடத்தில் 10 மீட்டர் ஏற்றத்துக்குக் கிடைத்தூரம் எவ்வளவு என்று அளவுகோலால் பாருங்கள். 37 மீட்டருக்கு அதிகம் என்றால் சரிவு 15 பாகைக்குக் கீழே. 21 மீட்டருக்குள் என்றால் 25 பாகைக்கு மேலே. 14 மீட்டருக்குள் என்றால் 35 பாகையைத் தாண்டிவிட்டது. சரிவு வகைப்பாட்டில் இந்த 15, 25, 35 தான் எல்லைக் கோடுகள். 1993 டிசம்பர் 11ல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் மாண்ட பிறகு, சரிவு பற்றிய கேள்வியை எந்த அலுவலகமும் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஆனால் உங்கள் கணக்கை 'முதற்கட்ட மதிப்பீடு' என்றே எழுதுங்கள், மண்பொறியாளர் அறிக்கையைக் கேட்பதே அதன் நோக்கம்.

வெள்ளத்துக்கு: ஒரு ஹெக்டர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 கன மீட்டர், அதாவது 5 லட்சம் லிட்டர் தண்ணீர். 10,000 லிட்டர் தண்ணீர் லோரி 50. அதில் ஒரு பகுதியை இப்போது மண் குடிக்கிறது. தார் போட்டால் எந்தக் கால்வாய்க்குப் போகும்? அந்தக் கால்வாயின் அகலம், ஆழம், இப்போதே நிரம்பி வழியும் நாள்கள் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். ஒரே தூணின் அருகில் நின்று, ஒரே திசையில், கனமழை முடிந்த 15 நிமிடத்துக்குள் எடுத்த படங்கள் ஓராண்டுக்குச் சேர்ந்தால் அதற்கு நிகர் எதுவுமில்லை.

பயன்பாட்டுக்கு: ஒரு வார நாளிலும் ஒரு ஞாயிறிலும் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 5 முதல் 7.30 வரையும் எத்தனை பேர் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். மூத்தோர், பிள்ளைகள், சக்கர நாற்காலியில் வருவோர் என்று தனித்தனியே. பல பழைய தாமான்களின் அடியில் ஒரு தோட்டம் இருக்கிறது. அங்கே பால்மரம் சீவிய பெரியவர்கள் இன்னும் இருந்தால் அவர்களிடம் பேசி எழுதுங்கள்: நீரோடை எங்கே ஓடியது, எதை மூடினார்கள், எந்தப் பாதை எப்போதிலிருந்து இருக்கிறது. இது வெறும் நினைவுப் பதிவு இல்லை. மூடப்பட்ட ஓடையின் மேல் கட்டடம் வருகிறது என்பதை வரைபடம் காட்டாமல் ஒரு பாட்டி காட்டிக் கொடுக்கலாம்.

குழு

பதிவு பெற்ற சங்கம் வேண்டுமென்றால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் குறைந்தது 7 பேர் தேவை. ஏற்கெனவே குடியிருப்பாளர் சங்கமோ அடுக்குமாடி நிர்வாகக் கழகமோ இருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்காமல் அதற்குள் ஒரு துணைக்குழு அமையுங்கள். பதிவு கிடைக்கும்வரை காத்திருந்தால் ஆட்சேபக் காலம் போய்விடும். தனி நபராகவும் கடிதம் எழுதலாம் என்பதை மறக்க வேண்டாம்.

வேலையை ஆள்வாரியாகப் பிரியுங்கள். கோப்புகளைக் காப்பவர் ஒருவர், மலாயில் நேர்த்தியாக எழுதுபவர் ஒருவர், வரைபடம் பார்ப்பவர் ஒருவர், வீடு வீடாகப் போகும் நான்கைந்து பேர், பணத்துக்கு இருவர். கோப்பு காப்பவர்தான் குழுவின் முதுகெலும்பு. அவருடைய கணினியில் மட்டுமல்லாமல் இன்னும் இருவரிடம் நகல் இருக்கட்டும். கோப்பின் பெயர் தேதியில் தொடங்கட்டும்: 2025-03-14 என்று. ஆறு மாதத்துக்குப் பின் தேடும்போது அருமை தெரியும்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் முடிவெடுக்காதீர்கள். அங்கே அறிவிப்பு மட்டும் போடுங்கள். அடையாள அட்டை எண் உள்ள கையெழுத்துத் தாள்களைப் படம் பிடித்து அங்கே பகிரவே கூடாது. மக்கள் உங்களை நம்பிக் கொடுத்த விவரம் அது.

கட்சி நிறம் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கட்சியினரையும் அழையுங்கள், யாருடைய பதாகையையும் திடலில் கட்ட விடாதீர்கள். இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "மரத்தடியில் ஒரு சூலம் நட்டுவிடுவோம், யாரும் கை வைக்க மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். புதிதாக எழுப்பும் வழிபாட்டிடம் அரசு நிலத்தில் அத்துமீறலாகிவிடும். எல்லா இனத்தாருக்கும் பொதுவான பூங்காப் பிரச்சினை ஒரே நாளில் சமயப் பிரச்சினையாக மாறும். பக்கத்து மலாய், சீனக் குடும்பங்கள் விலகிவிடுவார்கள். முன்பே அங்கிருக்கும் பழைய கோயில் என்றால் கதை வேறு. அதன் வரலாற்றையும் பதிவையும் தனிக் கோப்பாக வையுங்கள்.

அறிவிப்புப் பலகை நட்ட நாளிலிருந்து

பலகையைக் கண்டதும் நான்கு படம் எடுங்கள்: எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி ஒன்று, பலகை எங்கே நிற்கிறது என்று காட்டும்படி மூன்று. பலகை புதரில் மறைந்திருந்தாலும், முதன்மைச் சாலையைப் பார்க்காமல் சந்துப் பக்கம் பார்த்து நின்றாலும் அதுவே ஓர் ஆட்சேபக் காரணம். கடைசி நாள் என்று பலகையில் எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள், யாரோ சொன்ன கணக்கை நம்பாதீர்கள். அந்த நாளிலிருந்து மூன்று வேலை நாள்களைக் கழித்து உங்கள் சொந்தக் கெடுவை வையுங்கள்.

முதல் இரண்டு நாள்: லாட் எண்ணைச் சரிபார்த்து, பட்டாத் தேடல் எடுத்து, மாநகர் மன்றத்துக்குப் போய் விண்ணப்பத் திட்டத்தைப் பார்க்கக் கேளுங்கள். எத்தனை மாடி, எத்தனை வீடு, எத்தனை கார் நிறுத்துமிடம், நுழைவாயில் எந்தச் சாலையில், எவ்வளவு திறந்தவெளி காட்டியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூரைமேல் தோட்டத்தையும் நீச்சல் குளத்தையும் திறந்தவெளிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை: கடிதம். மலாயில் எழுதுங்கள். ஒரே கடிதத்தை 400 பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, 40 பேர் தங்கள் வீட்டுக்கு என்ன ஆகும் என்று சொந்தமாக எழுதுவது அதிக எடை கொண்டது. நகலெடுத்த கடிதங்களை ஒரே ஆட்சேபமாகக் கருதிவிடுவார்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: முழுப்பெயர், முகவரி, நீங்கள் உரிமையாளரா வாடகைதாரரா, உங்கள் வீட்டின் லாட் எண், பலகையில் உள்ள விண்ணப்பக் குறிப்பு எண், தெளிவான 'பந்தாஹான்' (ஆட்சேபம்) என்ற தலைப்பு, எண்ணிட்ட காரணங்கள், நேரில் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்ற கோரிக்கை. கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எடுபடும் காரணங்கள்: உள்ளூர்த் திட்டத்துக்கும் அமைப்புத் திட்டத்துக்கும் முரண், அனுமதித்ததைவிட அதிக அடர்த்தி, சரிவு, வடிகால் கொள்ளளவு, சாலைச் சந்திப்பின் நெரிசல், பகுதியில் ஏற்கெனவே குறைந்துவரும் திறந்தவெளி, அறிவிப்பில் குறை. எடுபடாதவை: என் வீட்டு விலை குறையும், மலை தெரியாமல் போகும், எப்படிப்பட்டவர்கள் குடிவருவார்களோ என்ற கவலை. கடைசி வாக்கியத்தை யாராவது எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை அனுப்ப விடாதீர்கள். அது தவறு என்பதோடு உங்கள் முழு முயற்சியையும் வசதியுள்ளவர்களின் சுயநலமாகக் காட்டிவிடும்.

பக்கத்து நில உரிமையாளர்களின் ஆட்சேபத்துக்குச் சட்டத்தில் நேரடி இடம் உண்டு. மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகளில் வாடகைக்கு இருப்போரின் நிலை சிக்கலானது, ஏனென்றால் அவர்களுடைய வீட்டுக்கு உரிமையாளரே மாநகர் மன்றம்தான். திடலை அதிகம் பயன்படுத்துவதும் அவர்களே. அவர்களுடைய கடிதங்களை நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகவும், பக்கத்து அடுக்குமாடி நிர்வாகக் கழகத்தின் ஆட்சேபத்தோடு இணைப்பாகவும் அனுப்புங்கள். நிர்வாகக் கழகம் எழுதும்போது கூட்டத் தீர்மான நகலைச் சேர்க்கட்டும்.

கையெழுத்து திரட்டும் தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் கோரிக்கை வாசகம் முழுமையாக இருக்கட்டும். மேலே தலைப்பு இல்லாத பக்கத்தை "எதற்குக் கையெழுத்திட்டோம் என்று மக்களுக்கே தெரியாது" என்று தள்ளிவிடலாம். இணைய மனு ஊடகக் கவனத்துக்கு உதவும், ஆட்சேபத்துக்கு ஈடாகாது. அடுக்குமாடிகளுக்கு மாலை 7 மணிக்கு மேல் போங்கள். வெள்ளிக்கிழமை கோயில் வாசலிலும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இரண்டு நிமிடம் தமிழில் விளக்கினால் போதும். மலாய்த் தாளைப் பார்த்து ஒதுங்குபவர்கள் காரணம் புரிந்ததும் முன்வருவார்கள்.

நேரில் கொடுங்கள். உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை, 'சோப் தெரிமா', தேதியோடு விழ வேண்டும். அது இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம். மின்னஞ்சலிலும் அதே நாளில் அனுப்பி வையுங்கள்.

நேரில் பேசும் நாள்

மூவருக்கு மேல் பேச வேண்டாம். ஒருவர் திட்ட முரணை, ஒருவர் வடிகாலும் சரிவும், ஒருவர் பயன்பாட்டை. ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பெரிய படம். உடனிருக்கும் ஒருவர் யார் என்ன சொன்னார் என்று எழுதட்டும். அதை அன்றிரவே கடிதமாக்கி, "இன்று நடந்த கூட்டத்தில் இவ்வாறு பேசப்பட்டது" என்று மாநகர் மன்றத்துக்கு அனுப்புங்கள். வாய்மொழி உறுதிகளைக் காகிதமாக்க இதைவிட எளிய வழி இல்லை.

"திட்டம் ஒத்திவைக்கப்பட்டது" என்று சொன்னால் மகிழ்ந்து கலைந்துவிடாதீர்கள். ஒத்திவைப்பு ரத்து ஆகாது. கோப்பு எண் மூடப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். மாற்று நிலம் தருவோம் என்றால் அதன் லாட் எண், பரப்பளவு, உங்கள் பகுதியிலிருந்து நடக்கும் தூரம் மூன்றையும் கேளுங்கள். மூத்தவர் ஒருவர் நடந்து போக முடியாத பூங்கா அவருக்குப் பூங்கா ஆகாது.

வீடா, பூங்காவா என்று கேட்கும்போது

எங்களுக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி இது. மேலே சொன்ன தாமான் ரிம்பா கியாரா இருக்கும் புக்கிட் கியாரா ஒருகாலத்தில் ரப்பர் தோட்டம். நிலம் கைமாறியபோது அங்கு வேலை செய்த குடும்பங்கள் நீள்வீட்டில் குடியேற்றப்பட்டார்கள். நிரந்தர வீடு கிடைக்கும் என்ற வாக்கை நம்பிப் பல்லாண்டுகள் காத்திருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். பூங்காவில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தபோது, அதன் ஒரு பகுதியாக 350 கட்டுப்படி விலை வீடுகளும் காட்டப்பட்டன. பூங்காவைக் காக்கக் கேட்பவர் ஏழையின் வீட்டைத் தடுப்பவர் என்ற தோற்றம் அப்போதே உருவாகிவிட்டது.

இந்த நிலை எந்தத் திடலிலும் வரலாம். முதல் வாரத்திலேயே, வழக்கறிஞரைப் பார்ப்பதற்கும் முன்பாக, வீடு தேவைப்படும் மக்களிடம் போங்கள். அவர்களுக்கு எந்த ஆண்டு, யார், எழுத்தில் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இப்போது அவர்கள் இருக்கும் இடத்திலேயே, அல்லது ஏற்கெனவே கட்டடம் நின்ற நிலத்திலேயே வீடு கட்ட முடியுமா என்று ஒரு மாற்று வரைபடம் தயாரியுங்கள். 350 வீட்டுக்கு எவ்வளவு நிலம் தேவை, விண்ணப்பம் எவ்வளவு நிலம் கேட்கிறது என்ற வித்தியாசத்தை எண்ணில் காட்டுங்கள். உங்கள் ஆட்சேபக் கடிதத்தின் முதல் காரணமாகவே "இந்தக் குடும்பங்களுக்கு வீடு கிடைக்க வேண்டும், அதற்கு இந்தப் பூங்கா தேவையில்லை" என்று எழுதுங்கள். மனத்தில் இல்லாமல் தந்திரத்துக்காக எழுதினால் அந்த மக்கள் ஒரே கூட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உத்தரவு வந்துவிட்டால்

உத்தரவைச் சரிபார்க்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மறுஆய்வு மனுவுக்கு, முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதம்தான் அவகாசம். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 53ஆம் ஆணை அதைச் சொல்கிறது. மேல்முறையீட்டுக் கடிதம் எழுதி அமைச்சரின் பதிலுக்குக் காத்திருந்து இந்த 3 மாதத்தை இழந்த குழுக்கள் உண்டு. கடிதம் எழுதுங்கள், அதே வாரத்தில் திட்டமிடல் வழக்குகளில் அனுபவமுள்ள வழக்கறிஞரையும் பாருங்கள். யார் பெயரில் வழக்குத் தொடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்; ஆட்சேபம் கொடுத்து முத்திரை வாங்கிய பக்கத்து நில உரிமையாளர்கள் முன்வரிசையில் இருப்பது நல்லது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பதைப் பெயர் கொடுப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். ரிம்பா கியாராவில் உத்தரவிலிருந்து இறுதித் தீர்ப்பு வரை ஏறக்குறைய 6 ஆண்டு. வழக்கு நடக்கும்போது வேலையை நிறுத்தி வைக்கும் தடையுத்தரவைக் கேட்காமல் விட்டால் தீர்ப்பு வரும்போது மரம் இருக்காது.

கூடிக் குரல் கொடுப்பதென்றால் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தின்படி 5 நாள் முன்னதாக மாவட்டக் காவல் தலைமையகத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பேரணிக்குக் கூட்டிவர முடியாது. எனவே பள்ளிப் பிள்ளைகளோடு மரம் வரையும் போட்டியும் பேரணியும் ஒரே நாளில் வேண்டாம். பேச்சிலும் முகநூலிலும் ஆவணத்தில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். "லஞ்சம் வாங்கிவிட்டார்" என்ற ஒரு பதிவு அவதூறு வழக்காகி, குழுவின் பணத்தையும் ஓராண்டையும் தின்றுவிடும்.

சிலாங்கூர், பினாங்கு

இங்கே தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பினாங்கில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டுச் சட்டம். கோப்பை எழுத்தில் கேட்கலாம். கோலாலம்பூரில் அது இல்லாததால்தான் நாடாளுமன்றத்தில் உங்கள் உறுப்பினர் கேட்கும் கேள்வி அவ்வளவு முக்கியம். லாட் எண்ணோடு நீங்களே கேள்வியை எழுதிக் கொடுங்கள். இரு மாநிலங்களிலும் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 172 நடப்பில் இருக்கிறது. அதன்படி 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை ஊராட்சி மன்ற அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது, சில விலக்குகள் உண்டு. சுற்றளவைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் பார்க்க வேண்டும், முன்பு சொன்ன 1.3 மீட்டரில் அல்ல. இரண்டு அளவையும் எழுதி வைத்தால் பிறகு திரும்பிப் போக வேண்டாம். பினாங்கில் மலை நிலம் என்றால் கடல் மட்டத்துக்கு 76 மீட்டர் உயரமும் 25 பாகைச் சரிவும் நினைவில் இருக்க வேண்டிய எண்கள். சுங்கை ஆராவில் மலைச்சரிவுத் திட்டத்தை எதிர்த்த குடியிருப்பாளர்கள் மேல்முறையீட்டு வாரியத்தில் தொடங்கிக் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2023ல் வென்றார்கள்.

வனக்காப்பகம் என்றால் சிலாங்கூரில் அதை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும். கோலா லங்காட் வடக்கு வனக்காப்பகத்துக்கு 2020ல் அறிவிப்பு வந்தபோது தெமுவான் பழங்குடியினரும் இயற்கை அமைப்புகளும் நகரவாசிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2021ல் காப்பகத் தகுதி நீக்கப்பட்டது தெரிந்ததும் எதிர்ப்பு இன்னும் பெருகி, மாநில அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. நாளிதழின் மூலையில் வரும் சிறிய அறிவிப்புதான் அங்கே தொடக்கம். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து அறிவிப்புப் பக்கங்களைப் படிக்கச் சொல்லுங்கள்.

காத்த பிறகு

அரசிதழில் ஏறும் வரை வேலை முடியவில்லை. மாநகர் மன்றத்துக்கும் நில அலுவலகத்துக்கும் தனித்தனியே மனு, மூன்று மாதத்துக்கு ஒரு நினைவூட்டல், நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக ஆண்டுக்கு ஒரு கேள்வி. அரசிதழ் எண் கிடைத்ததும் அதையும் வரைபடத்தையும் சட்டமிட்டுக் குடியிருப்பாளர் சங்க அறையில் மாட்டுங்கள். செயற்குழு மாறும்போது இந்தக் கோப்பும் கைமாற வேண்டும் என்று சங்க விதியிலேயே எழுதிவிடுங்கள்.

ஆள் நடமாட்டமில்லாத நிலம் எளிதில் கைநழுவும். மாதம் ஒரு ஞாயிறு கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவு வேலை) போதும். மரம் நட விரும்பினால் முதலில் நிலவடிவமைப்புத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதியில்லாத கன்று அடுத்த புல்வெட்டில் போய்விடும். குழி 60 சென்டிமீட்டர் அகலம், கன்றின் வேர்க்கட்டியின் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். ஆழமாகப் புதைத்தால் நம்முடைய களிமண்ணில் தண்டு அழுகும். பாலித்தீன் பையை உருவாமல் நடுவது இன்னும் நடக்கிறது, அதையும் பாருங்கள். புல்வெட்டும் இயந்திரம் தண்டைச் சீவாமலிருக்கச் சுற்றிலும் ஒரு முழ அளவு காய்ந்த இலை போட்டு வையுங்கள், தண்டை ஒட்டாமல் ஒரு கை இடைவெளி விட்டு. முதல் மூன்று மாதத்துக்கு மழை இல்லாத நாளில் ஒரு கன்றுக்கு 10 லிட்டர் தண்ணீர். எந்தக் கன்றுக்கு எந்த வீடு என்று அன்றே பெயர் எழுதிவிடுங்கள்.